கழற்றிப் பூட்டும் உரிமை

கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரு விசேஷம் உண்டு. புது யந்திரம் ஒன்று ஊருக்குள் வந்து இறங்கினால், அது எப்படி ஓடுகிறது என்று வேடிக்கை பார்ப்பவர்கள் பாதிப் பேர். அதை எப்படிக் கழற்றுவது என்று யோசிப்பவர்கள் மீதிப் பேர். இந்த இரண்டாவது வகுப்பார் மட்டும் இல்லாதிருந்தால், கொங்கு நாட்டில் பருத்தி விளைந்திருக்கும், கிணறுகள் இருந்திருக்கும், பைக்காரா மின்சாரமும் வந்திருக்கும்; ஆனால் பம்பு செட்டும் மோட்டாரும் மாவரைக்கும் கிரைண்டரும் அங்கே பிறந்திரா.

இந்த வகுப்பாருக்கெல்லாம் தலைவர் ஜி. டி. நாயுடு. 1893-ஆம் ஆண்டில் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், ஹோட்டலில் பரிசாரகராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதில் ஏறிச் சவாரி செய்ததைக் காட்டிலும் அதைக் கழற்றிப் பூட்டியதுதான் அவர் வாழ்க்கையை மாற்றியது. மெக்கானிக் ஆனார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸைத் தாமே ஓட்டினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவில் தயாரான முதல் மின்சார மோட்டார் என்று பெயர் பெற்ற மோட்டாரைப் பீளமேட்டில் செய்து காட்டினார். அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதன்மேல் விரைந்து செல்லும் மோட்டார்களில் எத்தனையை அவரால் இன்று கழற்றிப் பூட்ட முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தமிழில் 'பூட்டுதல்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது வெகு பொருத்தம். மாட்டை வண்டியில் பூட்டுகிறோம், கதவையும் பூட்டுகிறோம். நாயுடு காலத்தில் யந்திரத்தைப் பூட்டுவது என்றால் பாகங்களை ஒன்று சேர்ப்பது. இக்காலத்தில் கம்பெனிக்காரர்கள் யந்திரத்தைப் பூட்டுகிறார்கள் என்றால், சாவியைத் தங்கள் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று பொருள். இந்தப் பூட்டு ஸ்பானருக்குத் திறக்காது. அது இரும்பில் இல்லை. யந்திரத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் கட்டளைகளில் இருக்கிறது. அந்தக் கட்டளைத் தொகுப்புக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். 1967-இல் ஆஷர் ஓப்ளர் என்னும் அமெரிக்க நிபுணர் இட்ட பெயர் அது.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்பதை விளக்கக் கொங்கு நாட்டுக் கிணற்றடியைவிட நல்ல இடம் இல்லை. கவலை இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மாடு சரிவில் முன்னே இறங்கும். சால் நிறைந்து மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மாடு பின்னங்காலால் மேடேறித் திரும்ப வரும். காங்கயம் காளையின் உடம்பு ஒன்று; ஓட்டுகிறவர் அவ்வப்போது கொடுக்கும் குரல் இன்னொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு: எவ்வளவு தூரம் இறங்குவது, எப்போது நிற்பது, எப்படிப் பின்வாங்குவது என்று மாட்டுக்குப் பழக்கிவைத்த நடை. உடம்பு ஹார்ட்வேர், குரல் சாஃப்ட்வேர், பழகிய நடைதான் ஃபர்ம்வேர். மாட்டை விற்றால் நடையும் கூடவே போகும். 'மாடு உம்முடையது, நடை எம்முடையது. அதை மாற்ற எங்களிடம் வந்து மனுப் போடும்' என்று எந்தச் சந்தையிலும் எந்தத் தரகரும் சொன்னதில்லை.

இன்று அதே கிணற்றடியில் சூரிய ஒளிப் பம்பு நிற்கிறது. பலகைகளிலிருந்து வரும் மின்சாரம் வெயிலுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். ஒவ்வொரு கணமும் எந்த நிலையில் அதிகச் சக்தி கிடைக்கும் என்று தேடிப் பிடித்து, அதை மோட்டாருக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது கண்ட்ரோலர் என்னும் சிறு பெட்டி. கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்துவதும் அதுவே. எத்தனை ஆம்பியருக்குக் கீழே போனால் வற்றியதாகக் கருதுவது? எத்தனை நிமிஷம் கழித்து மறுபடி முயற்சி செய்வது? இந்த எண்களெல்லாம் ஃபர்ம்வேரில் இருக்கின்றன. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றில் விட்டு விட்டு ஊறும் தண்ணீரை நம்பி வாழும் குடியானவருக்கு இந்த எண்கள் சாமானியமானவை அல்ல. ஒரு போகம் அவற்றில் தொங்குகிறது.

இனி, இந்த நடையைப் புதுப்பிப்பது எப்படி என்று பார்ப்போம். ஆதியில் அதற்கு வழியே இல்லை. கட்டளைகளைச் சில்லிலேயே அச்சடித்துவிடுவார்கள். தவறு இருந்தால் சில்லையே எறிய வேண்டும். 1971-இல் இன்டெல் கம்பெனியில் டோவ் ஃப்ரோமன் என்பவர், கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சில்லைச் செய்தார். அதை ஊதாக்கடந்த ஒளியில் சிறிது நேரம் காட்டினால் எழுதியது அழிந்துபோகும், மறுபடி எழுதலாம். வெகு காலத்துக்கு வெளிநாட்டு யந்திரங்களின் பலகைகளில் அந்தச் சன்னலின்மேல் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருக்கும். வெளிச்சம் படாதிருக்க ஒட்டியது. விஷயம் தெரியாதவர் அதைக் கிழித்தால் நாளடைவில் யந்திரத்துக்குப் புத்தி பேதலித்துவிடும். பிறகு 1984-இல் ஜப்பானில் தோஷிபா கம்பெனியைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா, மின்சாரத்தாலேயே நொடியில் அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். இப்போது சில்லைக் கழற்றவே வேண்டாம். கம்பி வழியாகவோ ஆகாய மார்க்கமாகவோ புதிய ஃபர்ம்வேர் வந்து இறங்கும்.

இறங்கும்போதுதான் ஆபத்து. பழைய எழுத்தை அழித்தாகிவிட்டது, புதியது பாதி எழுதியாகிவிட்டது, அந்தச் சமயத்தில் மின்சாரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இது கற்பனை அல்ல. யந்திரம் அகலிகையைப் போல் கல்லாய்ச் சமைந்துவிடும். சாபவிமோசனம் அளிக்கக் கம்பெனியின் சர்வீஸ்காரர் வந்து கால் வைக்க வேண்டும். இதற்கு நல்ல கைவேலைக்காரர்கள் ஒரு உபாயம் கண்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் இரண்டு அறை. பழையது ஓர் அறையில் ஓடிக்கொண்டிருக்கப் புதியதை மற்ற அறையில் எழுதி, சரிபார்த்து, பின்பு அதில் குடியேறுவது; புது வீடு சரிப்படாவிட்டால் பழைய வீட்டுக்கே திரும்பிவிடுவது. இரண்டு அறை வைக்க நினைவகம் சற்று அதிகம் வேண்டும். சில ரூபாய் செலவு. மலிவுப் பெட்டிகளில் இந்த இரண்டாவது அறையைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

அடுத்தது முத்திரை. வந்திருக்கும் ஃபர்ம்வேர் யாரிடமிருந்து வந்தது? ராஜாங்க ஓலைக்கு முத்திரை இருப்பதுபோல், கம்பெனி தன் இரகசியச் சாவியால் அதன்மேல் ஒரு கணித முத்திரை வைக்கிறது. யந்திரம் முத்திரையைச் சோதித்து, சரியென்றால் ஏற்றுக்கொள்ளும், இல்லையென்றால் மறுத்துவிடும். இது அவசியமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி தைவான் மாணவர் ஒருவர் எழுதிய வைரஸ் ஒன்று கிளம்பி, உலகெங்கும் கம்ப்யூட்டர்களின் ஆதிச் சில்லில் குப்பையை எழுதிவைத்ததே, அக்காலத்தில் இந்தக் காவல் இல்லாததனால்தான். 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி உக்ரேன்மீது படையெடுப்புத் தொடங்கிய அன்று, வயாசாட் என்னும் செயற்கைக்கோள் கம்பெனியின் பல்லாயிரம் மோடங்களின் ஃபிளாஷ் நினைவகத்தைப் பகைவர் அழித்துவிட்டனர். அதன் விளைவு எங்கே தெரிந்தது? ஜெர்மனியில்! 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் தொடர்பு அறுந்தது. காற்றாடிகள் தாமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, கேட்பார் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடத்திலும் உடுமலையிலும் வரிசை வரிசையாகக் காற்றாலை நட்டிருக்கும் நாம் இதை அயலூர்ச் செய்தி என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே பூட்டு வேண்டும். கேள்வி, சாவி யார் கையில் என்பதுதான். வாங்கியவரிடம் ஒரு சாவியும் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குப் போலந்து தேசத்தில் நடந்த ஒரு சம்பவம் போதும். அங்கே நெவாக் கம்பெனி செய்த ரயில்களை ஒரு மாகாண ரயில்வே வாங்கி ஓட்டிவந்தது. பெரிய ரிப்பேருக்குக் காலம் வந்ததும் டெண்டர் விட்டார்கள். வேலை வேறொரு தொழிற்சாலைக்குக் கிடைத்தது. அவர்கள் புத்தகத்தில் சொன்னபடியே ரயிலைக் கழற்றிப் பூட்டினார்கள். ரயில் நகரவில்லை! எல்லாப் பாகமும் சரி, விளக்கு எரிகிறது, சக்கரம் மட்டும் சுழல மறுக்கிறது. கடைசியில் மூன்று கணினி நிபுணர்களை அழைத்து உள்ளே எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னார்கள். மாதக்கணக்கில் உழைத்து அவர்கள் கண்டது இது: ரயில் ஒரே இடத்தில் பல நாள் நின்றால் கிளம்பாதே என்று ஒரு கட்டளை, போட்டித் தொழிற்சாலைகள் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, அந்த எல்லைக்குள் நின்றால் கிளம்பாதே என்று இன்னொரு கட்டளை. 2023 டிசம்பரில் இதை உலகறியச் சொன்னார்கள். நெவாக் கம்பெனி குற்றத்தை மறுத்ததோடு, அவர்கள்மேல் வழக்கும் தொடுத்தது.

கவனியுங்கள்: இது ஏதோ ஏழைக் குடியானவர் ஏமாந்த கதை அல்ல. கோடிக்கணக்கில் பணம் கொடுத்து ரயில் வாங்கிய ஒரு சர்க்கார் ஸ்தாபனத்துக்கே இந்தக் கதி. ஒரு நூற்பாலையோ ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையோ வெளிநாட்டு யந்திரத்தைத் தருவித்து, உத்தரவாதக் காலம் கழிந்தபின் அதன் மின்பலகை கெட்டுப்போனால், புதுப் பலகை எங்காவது கிடைக்கலாம். அதற்குள் இருக்க வேண்டிய ஃபர்ம்வேரோ கம்பெனி கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. கம்பெனியே மூடிப்போயிருந்தால் யாரைக் கேட்பது?

இந்தக் கேள்வியைக் கிளப்பி ஓர் இயக்கமே தோன்றியது ஒரு அச்சு யந்திரத்தினால். 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிசாலைக்கு ஸெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி பழைய பிரிண்டரில் செய்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், புதியதற்கும் அவ்விதமே செய்ய மூலநிரலைக் கேட்டார். மூலநிரல் என்பது மனிதர் வாசிக்கக்கூடிய வடிவில் உள்ள கட்டளை. யந்திரத்துக்குள் இருப்பதோ வெறும் பூஜ்யமும் ஒன்றும். 'கொடுப்பதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன்' என்ற பதில் கிடைத்தது. 1983-இல் அவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை அறிவித்தார். அதன் கிளையில் வளர்ந்ததே திறமூலம் என்று நாம் இன்று சொல்வது.

'எல்லாவற்றையும் திறந்துவிட்டால் தொழில் எப்படி நடக்கும்?' என்று கேட்பார்கள். நடந்திருக்கிறது என்பதே பதில். ஐ.பி.எம். கம்பெனி 1981-இல் தன் சிறு கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதன் ஆதிச் சில்லில் இருந்த கட்டளைகளைக் கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. ஆனால் காபி எடுக்க உரிமை தரவில்லை. காம்பாக் கம்பெனியார், அந்தப் பக்கங்களைப் பாராத ஆட்களைக் கொண்டு, அதே வேலை செய்யும் வேறு கட்டளைகளை எழுதவைத்து 1982-இல் போட்டிக் கம்ப்யூட்டரை அறிவித்தனர். அன்று உடைந்த பூட்டினால்தான் கம்ப்யூட்டர் விலை இறங்கி, நம் வீட்டுப் பிள்ளைகளின் மேஜைக்கு வந்தது. 1999-இல் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிசாலையில் ரான் மின்னிக் தொடங்கிய கோர்பூட் என்னும் திறமூல ஃபர்ம்வேர், இன்று கூகிளின் குரோம்புக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. அதனால் யாரும் திவாலாகிவிடவில்லை. கொங்கு நாட்டுக் கதையும் இதுவே. 1955-இல் கோவை சபாபதி கிரைண்டர் செய்தார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் செய்தார்கள். 2006-இல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று ஊருக்கே புவிசார் குறியீடு கிடைத்தது.

எல்லா யந்திரத்துக்கும் ஒரே நியாயம் பேச முடியுமா என்றால், ஓட்டுப்பதிவு யந்திரத்தைப் பார்க்க வேண்டும். நாயுடுவே அத்தகைய யந்திரம் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இப்போதைய யந்திரம் உருவானபோது அதில் முக்கியப் பங்கு கொண்டவர், நாமெல்லாம் வாசித்து மகிழ்ந்த எழுத்தாளர் சுஜாதா. அதன் ஃபர்ம்வேர் ஒரே தடவை எழுதப்படுவது. புதுப்பிக்கவே கூடாது என்பது அதன் லட்சணம். மூலநிரலைப் பொதுஜனங்களுக்கு வெளியிடுவதும் இல்லை. 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்து மூலம் கேட்டால், 5 சதவிகித யந்திரங்களின் எழுதப்பட்ட நினைவகத்தைத் தயாரித்த கம்பெனியின் இஞ்சினீயர்கள் சோதித்துக் காட்ட வேண்டுமென்று உத்தரவிட்டது. மாற்றக்கூடாத யந்திரத்தைக்கூட வாசித்துக் காட்ட வேண்டிய அவசியம் வருகிறது என்பதே இதில் நான் காணும் விசேஷம். வாசிப்பதும் மாற்றுவதும் இருவேறு உரிமைகள். திறமூலத்தைப் பற்றி நடக்கும் சண்டையில் பாதி, இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வருகிறது.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் அவ்வளவு கொடுமையானதல்ல. அமெரிக்காவில் 1998-இல் செய்த சட்டப்படி பூட்டை உடைப்பதே குற்றம் என்று ஆகி, பிறகு டிராக்டர் ரிப்பேருக்காக 2015-இல் விதிவிலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் 1957-ஆம் வருஷத்துக் காபிரைட் சட்டத்திலோ, 1999-இல் செய்த திருத்தப்படி, முறையாக வாங்கியவர் தம் நிரலை மற்றொன்றோடு இணைத்து இயக்கத் தேவையான விவரத்தை, அது வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, தாமே ஆராய்ந்து எடுக்கலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று கவனித்துச் சோதிக்கலாம். 2022-இல் மத்திய சர்க்கார் ரிப்பேர் உரிமைக்காக ஒரு கமிட்டி நியமித்தபோது, விவசாயக் கருவிகளையும் அதன் வரம்பில் சேர்த்தது. ஆனால் 'ஆராயலாம்' என்று சட்டம் சொல்வது, கதவைத் தட்டலாம் என்று அனுமதிப்பதே. உள்ளேயிருப்பவர் திறக்க வேண்டுமென்று யாரும் இன்னும் கட்டாயப்படுத்தவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி தலைமையில் சிலர் வேறு வழி பிடித்தார்கள். ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளை முறையை வைத்து, 'சக்தி' என்ற சில்லை வடிவமைத்து, அந்த வடிவத்தையே உலகுக்கு வெளியிட்டுவிட்டார்கள். 2018-இல் அது சில்லாகவே வார்க்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிக்கேற்ற ஒரு சில்லையும் அறிவித்தார்கள். சுதேசி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை வேண்டாம். ஆயினும் ஒரு எச்சரிக்கை: திறந்த சில்லை வாங்கி, அதன்மேல் பூட்டிய ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

அப்படி ஏற்றக்கூடியவர்கள் யார்? இங்கேதான் கோவைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டின் பம்பு மோட்டார்த் தேவையில் ஏறக்குறைய பாதியை இந்த ஊர் தருவதாகக் கணக்கிடுகிறார்கள். வெளிநாட்டு யந்திரத்தின் பூட்டைப் பற்றிப் புலம்பும் அதே தொழிலதிபர், தாம் செய்யும் கண்ட்ரோலரைப் பக்கத்துத் தெருக்காரர் காபி அடிப்பார் என்று அஞ்சி, அதே பூட்டை அதில் மாட்டினால் அவரை என்னவென்று சொல்வது? அவருடைய அச்சம் நியாயமானதே. ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவர் அவர். ஆனால் அவருடைய பாட்டனார் இங்கிலாந்துப் பம்பைப் பிரித்துப் பார்த்துத்தானே தம் பட்டறையைத் தொடங்கினார்! முழு மூலநிரலையும் ஊருக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. எண்களை மாற்றும் கடவுச்சொல்லும், பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றும் வழியும், முத்திரைச் சாவியில் வாங்கினவருக்கு ஒரு பங்கும் கொடுத்தால் போதும். கம்பெனி அந்த மாதிரியைக் கைவிடும் நாளில் மூலநிரலும் வெளிவரட்டும்.

இதைச் செய்விக்கச் சர்க்காருக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. அவர்களே பெரிய வாடிக்கைக்காரர்கள். 2019-இல் தொடங்கிய பி.எம்.-குசும் திட்டத்தில் மானியத்தோடு சூரிய ஒளிப் பம்புகள் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை அதை நடத்துகிறது. பம்பு ஓடாத நாளில் அதே பலகைகளைக் கொண்டு தீவனம் நறுக்கவும் மாவு அரைக்கவும் ஏற்ற யூனிவர்சல் கண்ட்ரோலருக்கும் மத்திய சர்க்கார் இலட்சணம் வகுத்தது. பெட்டி எந்த வேலைக்கு இசையும், எதற்கு இசையாது என்பது கட்டளை போட்டுத் தீர்மானிக்கப்படும் விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்தப் பம்புகளுக்கு ஐந்து வருஷ உத்தரவாதம். முதலில் நட்டவற்றுக்கு அந்தக் காலம் முடிந்துகொண்டு வருகிறது. இனி பெட்டி பழுதானால், சூலூரிலோ தாராபுரத்திலோ உள்ள எலெக்ட்ரீஷியனிடம் குடியானவர் அதைத் தூக்கிக்கொண்டு போவார். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கம்பியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பார். அடுத்த டெண்டர் நோட்டீஸில் ஃபர்ம்வேரைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால், நோட்டீஸ் இன்னொரு பக்கத்துக்குக்கூடப் போகாது.